நக்கவாரம்: ஒரு மாவட்டம் எழுதப்படும் விதம்

மாவட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஞாபகம் வருகிறவை சில: கலெக்டர் ஆபீஸ், திங்கட்கிழமை மனுக் கொடுக்கும் கூட்டம், பெரியாஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு. கடைக்கோடிக் கிராமத்துக்காரர்கூட விடியக்காலை பஸ் ஏறினால் ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம். வேலை நடக்குதோ நடக்கலையோ, போய் நின்று சத்தம் போடவாவது ஓர் இடம் இருக்கிறது. நிலத்தின் மேல் கோடு கிழித்து, நடுவில் ஓர் ஊரைத் தலைமையிடமாக்கி, அங்கே ஓர் அதிகாரியை உட்காரவைத்து, அவர் சுற்றி வந்து வரி வசூலிப்பதற்கென்று காலனிய ஆட்சி உருவாக்கிய வடிவம் இது. இந்த வடிவத்தை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் கடலின் மேல் வைத்தால் என்ன ஆகும்? நிக்கோபார் மாவட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது என்னைத் தொந்தரவு செய்த கேள்வி இதுதான்.

கடந்த சில ஆண்டுகளாக நிக்கோபார் என்ற பெயர் பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருக்கிறது. பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரம் என்று ஒரு பெருந்திட்டம் வருகிறது. நான் தமிழில் வாசித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை மரங்களையும் ஆமைகளையும் பற்றியவை. அவை தேவைதான். ஆனால் இப்படியொரு திட்டத்தை இவ்வளவு சுலபமாக ஒரு மாவட்டத்தின்மேல் இறக்கிவைக்க எப்படி முடிகிறது, அங்கே யார் கையெழுத்துக்கு என்ன வலிமை, அங்குள்ள மக்கள் வேண்டாமென்று சொன்னால் அந்தச் சொல் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறதா என்பவை பேசப்படவில்லை. ஒரு கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: “அங்க ஜனமே கெடையாதாமே, காட்டை வெட்டினா யாருக்குங்க நஷ்டம்?” நல்ல வாசகர், பல போராட்டங்களில் நின்றவர். அவருக்கே இப்படித் தோன்றுகிறதென்றால், அந்த ‘ஜனமே கெடையாது’ என்பது எப்படி உண்டாக்கப்பட்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பூகோளம். வங்கக் கடலின் தென்கிழக்கில், அந்தமான் கூட்டத்துக்குத் தெற்கே, சுமார் 150 கி.மீ. அகலமுள்ள பத்துப் பாகைக் கால்வாயைத் தாண்டினால் வருவது நிக்கோபார்த் தொகுதி. சின்னதும் பெரிதுமாக இருபதுக்கு மேற்பட்ட தீவுகள். 2004க்கு முன் மக்கள் வாழ்ந்தவை பன்னிரண்டு: கார் நிக்கோபார், சௌரா, தெரஸா, பொம்போக்கா, கச்சால், கமோர்ட்டா, நான்கவுரி, டிரிங்கட், சிறிய நிக்கோபார், புலோமிலோ, கொண்டுல், பெரிய நிக்கோபார். எல்லாம் சேர்ந்து 1,841 ச.கி.மீ. கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரியது. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரியில் 18 லட்சத்துக்கு மேல் மக்கள். நிக்கோபாரில் 36,842 பேர். அதற்குப் பத்தாண்டு முன்பு, 2001இல், 42,068 பேர். இடையில் நடந்தது சுனாமி. 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு எடுக்கப்படவே இல்லை.

இந்த எண்களை வைத்து ஒரு சதுர கிலோமீட்டருக்கு 20 பேர் என்று வகுத்துப் போட்டுவிடலாம், போட்டிருக்கிறார்கள். வடகோடியில் இருக்கும் கார் நிக்கோபார் 127 ச.கி.மீ. மட்டுமே. பவளப்பாறை மேல் தட்டையாகக் கிடக்கும் தீவு, தென்னையும் தாழையும் அடர்ந்தது. மாவட்ட மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அங்கேதான். தென்கோடியிலுள்ள பெரிய நிக்கோபார் மாவட்டத்தின் நிலத்தில் ஏறக்குறையப் பாதி. மலை, ஆறு, மழைக்காடு. துல்லியர் மலை 642 மீட்டர். அங்கே எட்டாயிரம் பேர் போல. ஆக மக்கள் ஒரு முனையில், நிலம் மறு முனையில், நடுவே சுமார் 300 கி.மீ. நீளத்துக்குக் கடலும் அதில் தூவிய தீவுகளும். சராசரி போடுகிறவர் கண்ணுக்கு இந்தக் கடல் தெரிவதில்லை. மாவட்டத்தின் பரப்பளவில் அதற்கு இடமில்லை.

ஆனால் அங்குள்ளவர்களுக்குத் தூரம் என்பது கடல்தான். டெபுடி கமிஷனர், அதாவது நம்மூர்க் கலெக்டர், இருப்பது கார் நிக்கோபாரில். கமோர்ட்டாவிலும் கேம்பல் பேயிலும் அவருக்குக் கீழே உதவி ஆணையர்கள். புலோமிலோவிலிருந்து ஒருவர் மாவட்டத் தலைமையிடத்துக்குப் போக வேண்டுமென்றால் படகில் ஏறி, கப்பல் வரும் தீவுக்குப் போய், கப்பலுக்காகக் காத்திருந்து, கப்பல் நிற்கும் தீவெல்லாம் நின்று போக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் அதுவும் இல்லை. தலைமையிடத்துக்கும் மேலே போர்ட் பிளேர். 2024இல் அதற்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கேம்பல் பேயிலிருந்து அங்கே கடல்வழியாக 540 கி.மீ. அளவு. அதே தென்முனையிலிருந்து சுமத்ராவோ இருநூறு கி.மீ.க்குள். அரசாங்கம் தொலைவிலும் அந்நிய தேசம் பக்கத்திலும் இருக்கிற நிலம் இது. அதனாலேயே ராணுவத்தின் கண் அதன் மீது விழுந்தபடி இருக்கிறது.

*

இந்தத் தீவுகளுக்கு நாம் வைத்த பெயரையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், ராஜேந்திர சோழன் வென்றதாகச் சொல்லப்படும் இடங்களின் பட்டியலில், ‘மாநக்கவாரம்’ வருகிறது. கடாரம் கொண்டவனைப் பாடி மகிழ்கிற மேடைகளில் இந்தப் பெயரும் அவ்வப்போது உருளும். ‘நக்கம்’ என்றால் அம்மணம் என்று கொண்டு, ஆடையில்லாதவர் நாடு என்பதே இந்தப் பெயரின் பொருள் என்று பலரும் சொல்கிறார்கள். அது சரியென்றால், கப்பலின் மேல்தட்டிலிருந்து கரையைப் பார்த்தவன் வைத்த பெயர் அது. கரையில் நின்றவர்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. கார் நிக்கோபார்க்காரர்களுக்குத் தங்கள் தீவு ‘பூ’. அவர்கள் பேசுவது ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தீவுக்குத் தீவு வேறுபடும். நமக்கும் அவர்களுக்கும் ஆயிரம் வருஷத்துத் தொடர்பு என்று பெருமைப்படுகிறவர்கள், அந்தத் தொடர்பில் நாம் எந்தப் பக்கம் நின்றோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு வந்தவர்களும் பெயர் வைத்தார்கள். 1756இல் டேனிஷ்காரர்கள் இந்தத் தீவுகளைத் தங்களுடையவை என்று அறிவித்து, தங்கள் அரசன் பெயரைச் சூட்டினார்கள். அறிவிப்பு புறப்பட்ட இடம் எது என்று நினைக்கிறீர்கள்? நம்ம தரங்கம்பாடி. கோபன்ஹேகனின் அதிகாரம் தரங்கம்பாடிக் கோட்டை வழியாகத்தான் நிக்கோபாருக்குப் போனது. காய்ச்சலில் குடியேறியவர்கள் மடிந்தார்கள்; மறுபடி வந்தார்கள்; மறுபடி மடிந்தார்கள். 1768இல் நான்கவுரியில் வந்திறங்கிய மொரேவியப் பாதிரிமார்களும் இருபது வருஷத்துக்குள் மூட்டை கட்டினார்கள். நடுவே 1778இல் ஆஸ்திரியக் கப்பல் ஒன்று வந்து கொடி நாட்டியது. பேரரசி மரியா தெரஸாவின் பெயர் ஒரு தீவின்மேல் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். அந்தத் தீவுக்காரர்கள் அதை லூரோ என்பார்கள். 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்ற டேனிஷ்காரர்கள், அதே ஆண்டில் ‘கலத்தேயா’ என்ற கப்பலை ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள். பெரிய நிக்கோபாரின் பெரிய ஆற்றுக்கும் அது கடலில் சேரும் விரிகுடாவுக்கும் இன்றைக்கும் அந்தக் கப்பலின் பெயர். 1868இல் உரிமையை ஆங்கிலேயருக்குக் கைமாற்றினார்கள். ஒரு விற்பனைப் பத்திரம். விற்றவனும் வாங்கினவனும் கையெழுத்துப் போட்டார்கள். நிலத்தில் இருந்தவனைச் சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை.

ஆங்கிலேயர் 1869இல் நான்கவுரித் துறையில் கைதிகள் குடியிருப்பு ஒன்றை வைத்து 1888இல் மூடிவிட்டார்கள். ஆனால் அவர்கள் விட்டுப்போன ஒன்று இன்றும் இருக்கிறது: ‘கேப்டன்’. வணிகக் கப்பல்களோடு புழங்கிய நிக்கோபாரிகள் ஊர்த்தலைவரைக் கேப்டன் என்று அழைத்தார்கள். காலனிய அதிகாரம் அந்தத் தலைவர்களுக்குச் சான்றிதழும் கொடியும் கொடுத்து அதைத் தன் கீழ்ப்படியாக மாற்றிக்கொண்டது. இன்றும் ஒவ்வொரு கிராமத்திலும் முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன் என்று உண்டு. தீவுக்குத் தலைமைக் கேப்டன். 2009இல் வந்த பழங்குடி மன்றங்கள் ஒழுங்குமுறை இந்த அமைப்பைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கப்பலிலிருந்து இறங்கிய சொல் ஒன்று உள்ளூர் நிர்வாகமாக நிலைத்துவிட்டது. அதன் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

*

இங்கேதான் சட்டத்துக்குள் நுழைய வேண்டும். கொஞ்சம் வறட்சியான இடம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தமான் நிக்கோபார் ஓர் ஒன்றியப் பிரதேசம். சட்டமன்றம் கிடையாது. துணைநிலை ஆளுநர் நிர்வாகம் செய்கிறார், டெல்லியின் உள்துறை அமைச்சகம் மேலே இருக்கிறது. மொத்தத் தீவுகளுக்கும் ஒரே ஒரு எம்.பி. முதல் மக்களவையில் அந்த இடத்துக்குத் தேர்தலே இல்லை, நியமனம்தான். நியமிக்கப்பட்டவர் கார் நிக்கோபாரைச் சேர்ந்த ஜான் ரிச்சர்ட்சன், பிஷப்பாகவும் இருந்தவர். அதற்குப் பின் வாக்காளர் எண்ணிக்கை அந்தமான் பக்கமே சாய்ந்தது, அங்கே குடியேறியவர்கள் அதிகம். நிக்கோபார் 1974 ஆகஸ்ட் 1இல் தனி மாவட்டமானது. பஞ்சாயத்து அமைப்பு இங்கே பெரும்பாலும் இல்லை. கேம்பல் பே பக்கத்துக் குடியேறிகளுக்கு மூன்று கிராமப் பஞ்சாயத்துகள், மற்றவர்களுக்குப் பழங்குடி மன்றங்கள்.

அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை, ஆறாவது அட்டவணை என்று பழங்குடிப் பகுதிகளைப் பற்றிப் பேசும்போது நாம் சொல்லுவோமே, அந்த இரண்டும் இங்கே செல்லாது. பழங்குடிக் கிராமசபைகளுக்கு அதிகாரம் தந்த 1996ஆம் ஆண்டுச் சட்டமும் ஐந்தாவது அட்டவணையைத் தொற்றிக்கொண்டு வருவதால் அதுவும் இல்லை. இருப்பது 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை. அது ஒதுக்குப் பகுதிகளை ஏற்படுத்தியது. வெளியாள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது, நிலம் வாங்க முடியாது. நிக்கோபாரிகள் தங்கள் தென்னந்தோப்புகளோடு இன்னமும் இருக்கிறார்கள் என்றால் இந்த ஒழுங்குமுறைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அதன் கட்டமைப்பைக் கவனியுங்கள். எது ஒதுக்குப் பகுதி என்பதை நிர்வாகி அரசிதழில் ஓர் அறிவிக்கை மூலம் சொல்கிறார். அறிவிக்கையால் வந்த எல்லையை இன்னோர் அறிவிக்கையால் மாற்றலாம். அங்கே வாழ்பவரின் உரிமை என்பதாக அது எழுதப்படவில்லை; நிர்வாகம் அளிக்கும் பாதுகாப்பு என்பதாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. காவல்காரர் நல்லவராக இருக்கும்வரை கதவு பூட்டியிருக்கும், சாவி அவரிடமே இருக்கும். இதோடு 1966ஆம் ஆண்டு நிலவருவாய் ஒழுங்குமுறையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தீவுகளின் நிலமெல்லாம் அரசுடையது, ஆளுகிறவர்கள் அரசிடமிருந்து அனுபவிக்கிறவர்கள் என்பது அதன் அடிப்படை. இப்படிப்பட்ட நிர்வாக மொழியில் நிக்கோபாரின் நிலம் மூன்று வகையாக மட்டும் இருக்க முடிகிறது: வருவாய் நிலம், வனம், பழங்குடி ஒதுக்குப் பகுதி. பல இடங்களில் பின்னிரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கும்.

இதற்கு வெளியே நிக்கோபாரிகளுக்கென்று ஒரு பூகோளம் இருந்தது, இருக்கிறது. சௌரா தீவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு ச.கி.மீ. அளவுள்ள சின்னஞ்சிறு தீவு. மரபுப்படி மண்பானை செய்யும் உரிமை அந்தத் தீவுக்கு மட்டும்தான். அதற்கான மண்ணோ பக்கத்துத் தெரஸாவிலிருந்து வர வேண்டும். பானை செய்பவர்கள் பெண்கள். ‘ஹோடி’ எனப்படும் படகுகளைத் தென்தீவுகளில் மரம் தோண்டிச் செய்வார்கள், அவை சௌராவின் கை வழியாகத்தான் வடக்கே கார் நிக்கோபாருக்குப் போகும். மண் ஒரு தீவில், பானை ஒரு தீவில், படகு ஒரு தீவில், வாங்குகிறவர் வேறொரு தீவில். சௌராக்காரர்களின் மந்திர சக்தி பற்றிய அச்சமும் இந்த ஒழுங்கைக் காத்தது என்று எழுதியிருக்கிறார்கள். மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த ஒழுங்கில் எந்தத் தீவும் இன்னொன்று இல்லாமல் பிழைக்க முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆளில்லாத தீவுகளுக்கும் அதில் இடம் உண்டு. வேட்டைக்கு, தேங்காய்க்கு, முன்னோருக்கு என்று அவற்றுக்கு உடையவர்கள் உண்டு. ‘குடியற்ற தீவு’ என்பது கணக்கெடுப்பு அதிகாரியின் சொல். கார் நிக்கோபாரில் நிலமும் தோப்பும் பன்றியும் ‘துஹெட்’ எனப்படும் கூட்டுக்குடும்பத்துக்குச் சொந்தம், தனியாளுக்கு அல்ல. இதையெல்லாம் ஏற்றுக்கொள்ள மாவட்டப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

இந்தப் பதிவேட்டில் தமிழர்களுக்கும் ஒரு மூலை உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரைக் கொண்டுபோய்க் கச்சால் தீவின் அரசு ரப்பர்த் தோட்டத்தில் வேலைக்கு வைத்தார்கள். அவர்களிடம் எங்கே போகிறீர்கள் என்று இரண்டு அரசும் கேட்கவில்லை. நிக்கோபாரிகளிடம் வரட்டுமா என்றும் கேட்கவில்லை. ஒரு மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டவர்கள் இன்னொருவர் மண்ணில் கூலிகளாக நடப்பட்டார்கள். 2000ஆம் ஆண்டு பிறந்தபோது இந்தியாவில் புத்தாயிரத்தின் முதல் சூரிய ஒளி விழும் இடம் என்று கச்சாலை விளம்பரப்படுத்தினார்கள். வேடிக்கைக்காரர்களுக்குக் கப்பல் விட்டார்கள். அதே கச்சால்தான் ஐந்து வருஷம் கழித்து மிகக் கொடுமையாகச் செத்தது.

*

2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு மேற்கே கடலடி பிளந்தது. நம் கரைக்கு அலை வந்தது. நிக்கோபாருக்கு அலையோடு நிலமும் அமிழ்ந்தது. தென்முனை இந்திராமுனையில் தரை நான்கு மீட்டருக்கு மேல் இறங்கியது. கரையில் நின்ற கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. டிரிங்கட் துண்டுகளாக உடைந்தது. கடற்கரையோரத்தில்தான் ஊர்கள் எல்லாம் இருந்தன, ஆயிரக்கணக்கானோர் போனார்கள். எஞ்சியவர்களை நிர்வாகம் உள்பக்கம் கொண்டுபோய்த் தகரக் கொட்டகையில் வைத்தது, பிறகு வரிசை வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தது. துஹெட்டுக்கு நிவாரணம் எழுத முடியாதல்லவா? தனித்தனிக் குடும்பத்தலைவர் பெயரில் காசோலை, வங்கிக் கணக்கு, வீடு. கருணையோடுதான் செய்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் பாதிரிகளும் வணிகர்களும் நூறு வருஷத்தில் செய்ய முடியாததை ஒரு காசோலைப் புத்தகம் சில வருஷத்தில் செய்துவிட்டது.

டிரிங்கட்காரர்கள் கமோர்ட்டாவுக்கும், பொம்போக்காக்காரர்கள் தெரஸாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். சௌராக்காரர்கள் தெரஸாவில் தங்கவைக்கப்பட்டு, பிறகு தங்கள் தீவுக்கே திரும்பினார்கள். பெரிய நிக்கோபாரின் தெற்கு, மேற்குக் கரைகளில் சிங்கென், புலோபாஹா, கோகியோன் போன்ற கிராமங்களில் வாழ்ந்தவர்கள் கேம்பல் பே பக்கம் கொண்டுவரப்பட்டார்கள். இடம் மாற்றி வைத்த ஊருக்கு ‘புதிய சிங்கென்’ என்றும், இன்னொன்றுக்கு ‘ராஜீவ் நகர்’ என்றும் பெயர். தற்காலிகம் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். ஊருக்குத் திரும்ப விடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இருபது வருஷம் ஓடிவிட்டது. இதற்கிடையில் பழைய கிராமங்கள் பதிவேட்டில் ஆளற்றவையாகிவிட்டன. என் நண்பர் சொன்ன ‘ஜனமே கெடையாது’ எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

கேம்பல் பே என்பதே 1969க்குப் பிறகு முன்னாள் ராணுவத்தினருக்காகத் திருத்தப்பட்ட பகுதி. பஞ்சாபிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரத்திலிருந்தும் முந்நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். கோவிந்த நகர், விஜய நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று ஊர்ப்பெயர்களைப் பார்த்தாலே புரியும். அந்தக் குடியேற்றத்துக்காக 1972இல் ஒதுக்குப் பகுதியிலிருந்து 11 ச.கி.மீ. வெட்டி எடுக்கப்பட்டது. வெட்டு ஒருமுறை விழுந்துவிட்டால் அடுத்த வெட்டுக்கு முன்னுதாரணம் ஆகிவிடும்.

இனி அடுத்த வெட்டு. நிதி ஆயோக் முன்வைத்த பெரிய நிக்கோபார்த் திட்டத்துக்கு வேண்டிய நிலம் 166.10 ச.கி.மீ. அதில் வனம் 130.75, வருவாய் நிலம் 35.35. பழங்குடி ஒதுக்குப் பகுதிக்குள் வருவது 84.10. கலத்தேயா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம். பேராமைகள் முட்டையிடும் அந்தக் கரையின் சரணாலயத் தகுதி 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வெளியான கடலாமைகளுக்கான தேசியச் செயல்திட்டத்தில் அதே கரை முக்கியமான இடமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. 2022 அக்டோபரில் வன அனுமதியின் முதல்கட்டம், நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி. வெட்டப்படும் மரங்கள் எட்டு லட்சத்துக்கு மேல் என்பது அரசுக் கணக்கே. அதற்கு ஈடாக மரம் வளர்க்க இடம் பார்த்தது ஹரியானாவில். இதைப் படித்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்தேன், இல்லை. எட்டாயிரம் பேர் வாழும் தீவில் 2050க்குள் மூன்றரை லட்சம் பேர் வரை குடியேறுவார்கள் என்பது திட்டம். நில அதிர்வில் மிக ஆபத்தான ஐந்தாம் மண்டலம் அது, நான்கு மீட்டர் அமிழ்ந்த கரை அது என்பதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இந்தத் திட்ட ஆவணங்களில் மிகவும் பயத்தைத் தந்தது ஒரு கழித்தல் கணக்கு. ஒதுக்குப் பகுதிக்குள் வரும் 84.10இல், 1972இல் ஏற்கெனவே எடுத்த 11.03ஐக் கழித்தால் இப்போது எடுக்க வேண்டியது 73.07. இதற்குப் பதிலாக வேறு இடத்தில் 76.98 ச.கி.மீ. புதிதாக ஒதுக்குப் பகுதியாக அறிவிக்கப்படும். ஆக, பழங்குடியினருக்கு 3.91 ச.கி.மீ. லாபம்! அரசு விளக்கத்தில் இப்படித்தான் இருக்கிறது. தப்புக் கண்டுபிடிக்க முடியாத கணக்கு. ஒரு ச.கி.மீ.யும் இன்னொரு ச.கி.மீ.யும் ஒன்று என்று ஒத்துக்கொண்டால், எல்லாம் சரி. ஓர் ஊரின் வாய்க்காலையும் சுடுகாட்டையும் குலதெய்வக் கோயிலையும் எடுத்துக்கொண்டு, அதே பரப்பில் அடுத்த தாலுகாவில் பொட்டல் கொடுத்தால் நாம் என்ன சொல்லுவோமோ, அதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். ஆமைக்கும் இதே கணக்குதான். கலத்தேயாவுக்கு ஈடாகச் சிறிய நிக்கோபாரில் ஆமைச் சரணாலயம், மென்சல் தீவில் மேகபோடு பறவைக்குச் சரணாலயம், மேரோவில் பவளப்பாறைக்கு. மூன்றும் தென் நிக்கோபாரிகள் தலைமுறைகளாகப் புழங்கும் இடங்கள். எங்களைக் கேட்காமலேயே செய்தார்கள் என்று அவர்கள் ஆட்சேபித்தார்கள். ஒரு பக்கம் காட்டை அழிப்பதற்காக அவர்களைத் தள்ளுவது, இன்னொரு பக்கம் காட்டைக் காப்பதற்காகத் தள்ளுவது. சுற்றுச்சூழல் பேசுகிற நாம் இந்த இடத்தில் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பெரிய நிக்கோபாரின் உட்காட்டில் வாழும் ஷோம்பென் மக்கள் 2011 கணக்குப்படி 229 பேர். அவர்களைப் பற்றிய 2015ஆம் ஆண்டு அரசுக் கொள்கை, பெரிய திட்டங்கள் வரும்போது அவர்களின் நலனுக்கே முன்னுரிமை என்கிறது. அந்த நலன் எது என்று அவர்கள் சார்பில் சொல்வதற்கு அரசே அமைத்த சமிதி ஒன்று இருக்கிறது. அதாவது கேட்கிறவரும் பதில் சொல்கிறவரும் ஒரே அலுவலகத்துப் படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள்.

நிக்கோபாரிகளுக்குப் பேச மன்றம் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் சிறிய, பெரிய நிக்கோபார்ப் பழங்குடி மன்றம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்டது. அதே ஆண்டு நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது: அவசரப்படுத்தினார்கள், எடுக்கப்படும் நிலத்தில் சுனாமிக்கு முந்தைய எங்கள் ஊர்களும் அடங்கும் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. திட்டம் நிற்கவில்லை. கொடுத்த கையெழுத்து செல்லும், திரும்பப் பெற்ற கையெழுத்து செல்லாது. இதை எந்தச் சட்டப்பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன்; அப்படி ஒன்றும் இல்லை. எழுதித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. மன்றத்தின் சம்மதத்துக்குத் தேவை இருக்கிறது, அதன் மறுப்பைப் பெற்றுக்கொள்ளத்தான் ஜன்னல் இல்லை. சட்டமன்றம் இருந்திருந்தால், ஐந்தாம் அட்டவணை இருந்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை, நியாம்கிரிக்கு வெளியே அப்படி நடந்த இடங்கள் குறைவு. ஆனால் அங்கெல்லாம் மறுப்பு ஒரு பதிவாகவாவது எங்கோ தங்கும்; அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகலாம்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நாடு முழுக்கச் செல்லும். அந்தமான் நிர்வாகம் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையே போதும், வன உரிமைச் சட்டத்தை இங்கே தனியாக நடைமுறைப்படுத்தத் தேவையில்லை என்ற நிலையில் இருந்தது. ஆனால் வன அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது வன உரிமைகள் தீர்வு செய்யப்பட்டுவிட்டன என்ற சான்றிதழ் வேண்டும். 2022 ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம் அந்தச் சான்றிதழைத் தந்தது. தொடங்காத ஒரு வேலை முடிந்துவிட்டதாக ஒரு காகிதம். 2025 ஜூலையில் பழங்குடி மன்றம் ஒன்றியப் பழங்குடி நல அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில் சொன்னது இதுதான்: இங்கே உரிமைகளைத் தீர்வு செய்யும் வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

மேற்குக் கரைக்கு இப்போதும் அவர்கள் போய்வருகிறார்கள். தங்கள் தோப்புகளைப் பார்த்துக்கொள்ள, தேங்காய் எடுக்க. சாலையை அலை கொண்டுபோய்விட்டதால் படகில்தான் போக வேண்டும்; கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மட்டும்.